பில்லுடன் வரும் உரிமையாளர் விவரச் சீட்டு பற்றி

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அடுத்த மாதம் முதல் பேப்பர் பில்லுடன் ஒரு சீட்டும் உங்கள் வீட்டுக்கு வரும். நாங்கள் போடும் ஒவ்வொரு நாளிதழும் யாருக்குச் சொந்தம், அவர்களுக்கு வேறு என்னென்ன தொழில்கள் உள்ளன, எந்தக் கட்சியோடு தொடர்பு உண்டு என்பதை அதில் குறித்திருப்போம். "நடுநிலையான பேப்பர் எதுவோ, அதைப் போடுங்கள்" என்று உங்களில் பலர் கேட்டதால்தான் இந்த ஏற்பாடு.

இந்தியரான முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் எதிர்த்து எழுதியபோது, நம் திருவல்லிக்கேணி இளைஞர்கள் அறுவர் 1878இல் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு 'தி இந்து'வைத் தொடங்கினார்கள். பத்திரிகை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எந்தக் குரல் அச்சேறும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இன்று நீங்கள் தரும் விலை பெரும்பாலான நாளிதழ்களின் தயாரிப்புச் செலவுக்கே போதாது. மீதியை விளம்பரம் ஈடுகட்டுகிறது. விளம்பரம் குறைந்தால் நிறுவனம் கடன் வாங்குகிறது, அல்லது பெருமுதலாளியிடம் போகிறது. 2014இல் நெட்வொர்க்18 என்ற ஊடக நிறுவனம் ரிலையன்ஸ் வசமானது. 2022 டிசம்பரில் என்டிடிவி செய்தித் தொலைக்காட்சி அதானி குழுமத்தின் கைக்குப் போனது. துறைமுகமும் மின்நிலையமும் நடத்துபவரே செய்தி நிறுவனத்தையும் நடத்தினால், அத்தொழில்களைப் பற்றி எழுத வேண்டிய நிருபருக்கு யாரும் தடை போடத் தேவையில்லை, அவரே தயங்குவார் என்பதுதான் எங்களை உறுத்துகிறது. தமிழ்நாட்டில் கட்சிச் சார்புள்ள தொலைக்காட்சிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அங்கே சார்பாவது வெளிப்படையாக இருக்கிறது.

தவறான செய்தியை மற்றொரு பேப்பரோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எந்தப் பேப்பரிலும் வராத செய்தியை வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வாக்களிக்கும் நாளில் அவர் அறியாமல் போனதும் அதுதானே?

அரசியல் கட்சிகள் ஊடகம் நடத்துவதைத் தடுக்கவும், பெருநிறுவனங்களின் நுழைவைக் கட்டுப்படுத்தவும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2014 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. ஆனால் 1956ஆம் ஆண்டு பத்திரிகைப் பதிவு விதிகளின்படி, உரிமையாளர், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்போர் ஆகியோரின் பெயர்களை நாளிதழ்கள் ஆண்டுதோறும் மார்ச் மாதத் தொடக்கத்தில் பொடி எழுத்தில் வெளியிட்டு வந்தன. அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்திருக்கிறோம். சீட்டுக்கு அவையே அடிப்படை.

இரண்டு வேறு உரிமையாளர்களின் நாளிதழ்களை வாங்க விரும்புவோர், இரண்டாவது பேப்பருக்கு டெலிவரி கட்டணம் தர வேண்டாம். சீட்டில் பிழை இருந்தால் பேப்பர் போடும் தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள், மறுமாதமே திருத்திவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழ் முகவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.