‘சிபியு ரிப்பேர்’ என்று இனி எழுதமாட்டோம்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் முதல் நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில், மெஷினைப் பழுதுபார்க்க வாங்கும்போது எழுதும் ஜாப் கார்டை மாற்றியிருக்கிறோம். பழைய கார்டில் ‘பழுது’ என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் ‘சிபியு ரிப்பேர்’, ‘மெமரி ஃபுல்’, ‘வைரஸ்’, ‘ஃபார்மேட்’ என்று ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு, இரண்டு பக்கமும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். நீங்கள் நினைத்தது ஒன்று, கவுண்டரில் எழுதியது இன்னொன்று, உள்ளே ஸ்க்ரூவைக் கழற்றுபவர் செய்வது மூன்றாவதாக முடியும். புதிய கார்டில் அந்தக் கட்டம் பெரிதாகிவிட்டது. மெஷின் என்ன செய்கிறது, கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதில் என்ன கேட்கிறது, எத்தனை நாளாக இப்படி என்பதைத்தான் எழுதப்போகிறோம். கவுண்டரில் கேள்விகள் கூடும், இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். ஏன் என்று சொல்லவே இந்த மடல்.

சிபியுவிலிருந்து தொடங்கலாம். மேஜைக்குக் கீழே நிற்கும் தகரப் பெட்டியைச் சென்னை முழுக்க சிபியு என்றுதான் சொல்கிறோம். அதன் பெயர் கேபினெட். சிபியு என்பது அதற்குள்ளே, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பெரிய பலகையான மதர்போர்டின் மேல், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் தீப்பெட்டியைவிடச் சிறிய சில்லு. பெட்டிக்குள் இருப்பவற்றில் அபூர்வமாகக் கெட்டுப்போவது அதுதான். “சிபியு போயிடுச்சு, ஆள் அனுப்புங்க” என்று போனில் சொன்னால், எந்தப் பாகத்தைப் பையில் போட்டு அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆள் வந்து பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பொருள் வாங்கி, மறுபடி வர வேண்டும். விசிட் சார்ஜ் இரண்டாகிவிடும்.

அதற்குப் பதில் நான்கு விஷயம் சொல்லுங்கள். பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறதா? ஃபேன் சுற்றுகிறதா? பீப் சத்தம் வருகிறதா? மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று வருகிறதா, அல்லது மானிட்டர் விளக்கே இல்லையா? எதுவுமே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் பாகங்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை), பவர் கார்டு, சுவிட்ச் இவற்றில்தான் கை வைப்போம். ஃபேன் சுற்றுகிறது, டிஸ்பிளே மட்டும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் ரேம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நீளமான சின்னப் பலகை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று பட்டு ரேமின் மஞ்சள் நிறக் காண்டாக்ட்டில் படலம் படிந்துவிடும். இதை நீங்களே சரிசெய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, இருபுறக் கிளிப்பையும் தள்ளி ரேமை எடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் காண்டாக்ட்டை மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ‘டக்’கென்று கிளிப் விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி கேஸ் இதிலேயே முடியும், எங்களுக்கு வருமானம் இல்லை என்றாலும்.

மெமரி என்ற சொல்லில் இன்னும் சிக்கல் அதிகம். மெமரி கார்டு விற்ற காலத்திலிருந்து நம் ஊரில் மெமரி என்றால் படமும் பாட்டும் வைக்கும் இடம். கம்ப்யூட்டர் பேச்சில் மெமரி என்றால் ரேம், அதாவது வேலை நடக்கும்போது மட்டும் பொருளைப் பரப்பிவைக்கும் மேஜை. பொருளை நிரந்தரமாக வைக்கும் பீரோ ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்). “மெமரி ஃபுல், ஏத்திக் குடுங்க” என்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் பெரிய பீரோ. ரேமை மாற்றிக் கொடுத்தால் சி டிரைவ் அதே சிவப்புக் கோட்டோடு இருக்கும், காசு மட்டும் போயிருக்கும். எது குறைகிறது என்று பார்ப்பது எளிது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தைத் திறந்து, வழக்கமான வேலை எல்லாம் ஓடும்போது பாருங்கள். ‘மெமரி’ எப்போதும் தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை. மெமரி பாதியில் நிற்க, ‘டிஸ்க்’ நூறிலேயே நிற்கிறது, அது பழைய ஹார்டு டிஸ்க் என்றால் எஸ்எஸ்டிக்கு மாற வேண்டும். ‘வைரஸ்’ என்று எங்களிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இந்த இரண்டில் ஒன்றுதான்.

“512 ஜிபி என்று சொல்லிவிட்டு 476 தான் இருக்கிறது” என்ற சண்டைக்கும் இங்கேயே பதில். டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதையே 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சமாகக் கணக்கிடுகிறது. அதனால் 1 டிபி டிஸ்க் 931 என்றும், 256 ஜிபி 238 என்றும் காட்டும். யாரும் திருடவில்லை, படி அளவு மாறுகிறது. ஆனால் போன் பெட்டியில் ‘16 ஜிபி ரேம்’ என்று பெரிதாகவும், பக்கத்தில் ‘8 கூட்டல் 8’ என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தால், அது வியாபாரத் தந்திரம். இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து வெட்டியெடுத்த இடம். உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. விலை பேசும்போது அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

இனி ஃபார்மேட். இந்த ஒரு சொல்லால் அழிந்த கல்யாண போட்டோக்களுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் அளவில்லை. “ஸ்லோவா இருக்கு, ஃபார்மேட் பண்ணிடுங்க” என்று சொல்பவர் மனதில் இருப்பது ‘விண்டோஸைப் புதிதாகப் போட்டுச் சுத்தமாகக் கொடு’ என்பது. டெக்னீஷியன் காதில் விழுவது ‘உள்ளதை அழி’ என்பது. “டேட்டா எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு” என்றும் கூடவே சொல்வீர்கள். டெஸ்க்டாப்பில் கண் முன்னே தெரியும் கோப்புகள், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் நீங்களாக மாற்றியிருந்தாலொழிய சி டிரைவில் இருக்கின்றன. கணக்கு எழுதும் மென்பொருளான டேலியின் டேட்டா ஃபோல்டர், அவுட்லுக்கில் சேமித்த மெயில்கள், பிரவுசரில் போட்டுவைத்த பாஸ்வேர்டுகள், கடையில் ஏற்றிய தமிழ் எழுத்துருக்கள், ஜிஎஸ்டிக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவர் எல்லாமே அங்கேதான் இருக்கக்கூடும்.

“ரெகவரி பண்ணிக்கலாமே” என்பது பழைய ஹார்டு டிஸ்க் காலத்து நம்பிக்கை. அதில் ஃபார்மேட் செய்தாலும் மேலே வேறு எதுவும் எழுதாதவரை பொருள் அடியில் கிடக்கும், தோண்டி எடுக்கலாம். எஸ்எஸ்டி அப்படியில்லை. அழித்த இடத்தை விண்டோஸ் சொன்னவுடன் அதுவே உள்ளுக்குள் துடைத்து வைத்துவிடும். அதற்கு டிரிம் என்று பெயர். அதன்பின் எந்தக் கடைக்குப் போனாலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறோம் என்று முன்பணம் வாங்குபவர்களிடம் கவனமாக இருங்கள்.

ஆகவே புதிய கார்டில் ‘ஃபார்மேட்’ இல்லை. மூன்று வரிகள் இருக்கும், ஒன்றில் டிக் செய்து கையெழுத்திட வேண்டும். ஒன்று, கோப்புகள் இருக்க விண்டோஸை மட்டும் ரீசெட் செய்வது. புரோகிராம்களைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். அடுத்தது, நீங்கள் எழுதித் தரும் ஃபோல்டர்களை வேறு டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு சி டிரைவை அழித்துப் புதிதாகப் போடுவது. கடைசி, முழு டிஸ்க்கையும் அழிப்பது. மெஷினை விற்கப்போகிறவர்களுக்கு மட்டும் இது.

விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் இன்னொன்றும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் (மெஷினை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள்) மாறினாலோ போர்டு மாறினாலோ 48 இலக்கச் சாவியைக் கேட்டு நிற்கும். ‘பிட்லாக்கர்’ என்று நீலத் திரையில் வருவது அதுதான். வைரஸும் இல்லை, ஹேக்கும் இல்லை. சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், அந்த லேப்டாப்பின் பெயரின் கீழ் இருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போனில் அந்தக் கணக்கைத் திறந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் எங்களால் திறக்க முடியாது.

பேக்கப் என்ற சொல்லைப் பற்றிச் சுருக்கமாக. போனும் கிளவுடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் அது சிங்க், பேக்கப் இல்லை. ஒன்றில் மாறுவது மற்றதிலும் மாறும். கூகுள் போட்டோஸில் ‘இடம் பிடிக்கிறது’ என்று படத்தை டிலீட் செய்தால் கிளவுடிலும் போகும். ஏற்கெனவே ஏறிய படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அவ்வளவுதான். டி டிரைவும் பேக்கப் இல்லை, சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள். தனி டிஸ்க்கில், மெஷினிலிருந்து கழற்றி வைத்த பிரதிதான் பேக்கப்.

“வைஃபை வரல” என்பதும் இரண்டு நோய்க்கு ஒரே பெயர். வைஃபை உங்கள் வீட்டு ரூட்டருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள பாதை. நெட் தெருவிலிருந்து ரூட்டருக்கு வருவது. சிக்னல் முழுதாக இருந்தும் எதுவும் திறக்கவில்லையென்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. நாங்கள் வந்து பயனில்லை, கனெக்‌ஷன் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். வேகத்தில் ஏமாறுவதும் ஒரு சொல்லால்தான். 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும், 5 ஜிபி கோப்புக்கு ஏழு நிமிடமாவது ஆகும். 300 பிளான் போட்டும் சோதனையில் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? கம்பெனியைத் திட்டும் முன் ரூட்டரையும் மெஷினையும் இணைக்கும் லேன் கேபிளை மாற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும். பழைய ரூட்டர்களில் கேபிள் செருகும் போர்ட்டே 100-தான்.

தமிழ் ஃபான்ட். டிடிபி வேலை செய்பவர்களும் வக்கீல் அலுவலகங்களும் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் குழம்புவதும் இதில்தான். “தமிழ் ஃபான்ட் போட்டுக் குடுங்க” என்றால் மூன்று வெவ்வேறு வேலைகள். எழுத்தின் உருவம் ஃபான்ட். எந்தச் சாவியைத் தட்டினால் எந்த எழுத்து என்பது விசைப்பலகை முறை. அந்த எழுத்து கோப்புக்குள் எந்த எண்ணாகப் பதிகிறது என்பது குறியாக்கம். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தைக் குந்தவைத்தவை. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, ஃபான்ட்தான் இல்லை. யூனிகோடில் தமிழுக்கென்று தனி எண்கள் உண்டு, எந்த மெஷினிலும் திறக்கும்.

இப்போது புதிதாகத் தட்டச்சு செய்பவருக்கு விண்டோஸ் 11-ல் எதையும் காசு கொடுத்து ஏற்ற வேண்டாம். செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, அதற்குள் ‘லாங்குவேஜ் அண்ட் ரீஜன்’ போய்த் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் ‘தமிழ் 99’ கீபோர்டைச் சேருங்கள். விண்டோஸ் சாவியும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். தமிழ் 99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற முறை. இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டிங் படித்த விரல்களுக்கு அது ஒத்துவராது. அவர்களுக்கு இ-கலப்பை போன்ற மென்பொருளில் டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். பழைய பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிக் கேட்டால் செய்து தருவோம், ஆனால் மாற்றிய பின் நீங்கள் ஒருமுறை படித்தே ஆக வேண்டும். நடுவே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகியிருக்கும். ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். கால் (ா) போட வேண்டிய இடத்தில் ‘ர’ போட்டுப் பழகியவர்களின் கோப்பில் அந்தப் பிழை இன்னும் வெளிப்படையாகத் தெரியும். பத்திரம், மனு போன்றவற்றில் இதைக் கவனிக்காமல் அச்செடுக்காதீர்கள்.

யுபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தால் 600 வாட் என்று பொருளில்லை. சாதாரண மாடல்களில் அது 360 வாட்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. கரண்ட் போனதும் சேமித்து மூடுவதற்கான நேரம் அது, படம் பார்ப்பதற்கில்லை. லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள். தாளைச் சூடாக்கும் ஹீட்டர் ஒரே இழுப்பில் யுபிஎஸ்ஸைக் கவிழ்க்கும்.

உங்கள் சொற்களை மட்டும் குறை சொன்னால் நியாயமில்லை. எங்கள் தொழிலில் “மதர்போர்டு போச்சு” என்பது தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டவரின் சொல். போர்டில் எது போனது, சார்ஜிங் ஐசியா, ஷார்ட்டான கெபாசிட்டரா, பயாஸ் சில்லா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வேறு கடையில் காட்டுங்கள். “சாஃப்ட்வேர் ப்ராப்ளம்” என்பதும் அப்படியே. “ஒரிஜினல்” என்றால் கம்பெனியின் சீல் உடைக்காத பெட்டியா, பழைய மெஷினிலிருந்து கழற்றியதா, வேறு கம்பெனி தயாரித்த பொருந்தும் பொருளா? நம் பில்லில் இனி இந்த மூன்றில் எது என்று எழுதியிருக்கும், கழற்றிய பாகத்தையும் கையில் தருவோம். பழைய லேப்டாப் வாங்கும்போது “ஐ5 சார்” என்று மட்டும் சொன்னால் நம்பாதீர்கள். இன்டெல் கம்பெனியின் ஐ5 சிபியு 2009-லிருந்தே வருகிறது. பின்னால் உள்ள எண்ணைப் பாருங்கள்: 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்று. இன்டெல்லில் எட்டுக்கு முந்தையவை விண்டோஸ் 11-க்கு ஏறக்குறைய எதுவுமே தகுதியில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

லேப்டாப்பைக் கொண்டுவரும்போது அடாப்டரையும் எடுத்து வாருங்கள், வீட்டில் நன்றாகத்தான் இருந்தது என்றாலும். அதன் அடியில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது போல அச்சிட்டிருக்கும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் ஒன்றாகவே இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். டெல் லேப்டாப்களின் உருண்டைப் பின்னில் நடுவே ஊசிபோல ஒன்று இருக்கும். அது வளைந்தாலோ ஒடிந்தாலோ லேப்டாப் அடாப்டரை அடையாளம் காணாது. பேட்டரி ஏறாது, சிபியு சில்லும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படி வந்த லேப்டாப்பைத்தான் ‘வைரஸ், ஃபார்மேட்’ என்று பழைய கார்டில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்படிக்கு,
சர்வீஸ் மேஜையிலிருந்தும் கவுண்டரிலிருந்தும்