பிளாக்ஜாக்ல புஷ் (சமம்) வந்தா தொடர் ஜெயிப்பு எண்ணிக்கை அறுந்துடுமா? அத மொதல்ல கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழம நம்ம பேப்பர்ல பிளாக்ஜாக் பத்தி கட்டுரை வந்துச்சு, 21ஐ தாண்டாம, சீட்டு போடற காசினோ ஆள் (டீலர்) எடுக்கறத விட கூட எடுத்தா ஜெயிக்கற சீட்டாட்டம். எந்தக் கைக்கு என்ன பண்ணணும்னு சொல்ற பேசிக் ஸ்ட்ராட்டஜி அட்டைய மனப்பாடம் பண்ணுங்க, என்ன ஆனாலும் அத மாத்தாதீங்கன்னு போட்டிருந்தீங்க. சாதாரண டேபிளுக்கு அது சரிதான், ஆனா தொடர்ந்து ஜெயிச்சா போனஸ்னு சொல்ற டேபிளுக்கு சரி இல்லீங்க, இத நான் ஏன் இவ்ளோ அழுத்தி எழுதறேன்னா எங்க அக்கா பையன் அந்த அட்டைய நம்பித்தான் கோவாவுல போய் உக்காந்தான்.

பையன் ஓசூர் சிப்காட்ல வேலை பாக்கறான். பிரண்ட்ஸோட கோவா போனப்ப ஒரு கப்பல் காசினோல கைக்கு 500 ரூபா கட்டி ஆடிருக்கான், தொடர்ந்து 7 கை ஜெயிச்சா 5,000 ரூபா போனஸ். 6 கை ஜெயிச்சுட்டான். ஏழாவது கைல இவனுக்கு 10உம் 6உம், டீலர் காட்டுனது ராஜா (ராஜா, ராணிக்கும் 10தான்). 16க்கு எதிர்ல 10 இருந்தா ஹிட்டு, அதாவது இன்னொரு சீட்டு எடுன்னு அட்டை சொல்லுது, எடுத்தான், 4 வந்து 20 ஆச்சு. டீலர் மூடி வச்சிருந்தத திருப்புனா ராணி, அவருக்கும் 20. புஷ். கட்டுன காசு திரும்ப வந்துருச்சு, தொடர்ந்து ஜெயிச்ச எண்ணிக்கை மட்டும் ஜீரோ. "நான்தான் தோக்கவே இல்லையே மாமா"ன்னு ஊருக்கு வந்து அப்படி கேக்கறான். சீட்டு எடுக்காம நின்னிருந்தாலும் அந்தக் கை தோத்துதான் இருக்கும், அத நானும் ஒத்துக்கறேன், ஆனா அதே கை நூறு தடவ வந்தா என்ன ஆகும்கறதுதான கேள்வி.

மாங்கா சீசனுக்கு அவன் லீவுல வந்தப்ப திண்ணைல உக்காந்து ஆறு கட்டு சீட்ட கலந்து அந்த ஒரே கைய திரும்பத் திரும்ப போட்டுப் பாத்தோம், ஜெயிச்சா ஒரு குவியல், புஷ்ஷுக்கு ஒரு குவியல், தோத்தா ஒண்ணுன்னு புளியங்கொட்டைய போட்டுகிட்டே வந்தோம். அப்புறம் பேப்பர்ல உக்காந்து முழுசா கணக்கும் போட்டேன். நிறைய கட்டு கலந்த டேபிள், டீலருக்கு பிளாக்ஜாக் (மொத ரெண்டு சீட்டுலயே 21) இல்லேன்னு தெரிஞ்சாச்சு, அப்ப 16ல நின்னா 100க்கு 23 ஜெயிப்பு, மீதி 77 தோல்வி. ஹிட் எடுத்தா 20 ஜெயிப்பு, 6 புஷ், 74 தோல்வி. பண கணக்குக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஹிட் துளி மேல, அதனாலதான் அட்டைல ஹிட். ஆனா புஷ் வந்தா எண்ணிக்கை அறுந்துடும்கற டேபிள்ல, 5,000 ரூபா ஒரே கை தள்ளி நிக்கறப்ப, அந்த 6 புஷ்ஷால என்ன பிரயோஜனம்? அங்க நிக்கறதுதான் சரி. 15க்கும் அப்படியே.

11க்கு எதிர்ல 10 வர்றது இன்னும் நல்ல உதாரணம். அட்டை டபுள் பண்ணுன்னுது. டபுள் பண்ணா பெட் ரெண்டு மடங்கு, அப்புறம் ஒரே சீட்டுதான், 100க்கு 51 ஜெயிப்பு, 7 புஷ், 42 தோல்வி. சும்மா ஹிட் எடுத்து ஆடுனா ஜெயிப்பு அதே 51தான் பாத்துக்கோங்க, புஷ் 9க்கு மேல போகுது, தோல்வி 39க்கு எறங்குது. புஷ் எண்ணிக்கைய அறுக்காத டேபிள்னா 6 கை ஜெயிச்சு வச்சிருக்கப்ப டபுள் வேண்டாம்ங்க, தோக்காம இருந்தாலே அடுத்த கைக்கு வாய்ப்பு இருக்கு. அறுக்கற டேபிள்னா ஜெயிப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான, தாராளமா டபுள் பண்ணலாம். இது போனஸ் பெட்ட விட பத்து மடங்கா இருக்கறதால வர்ற முடிவு, ரெண்டு மடங்கு மட்டும்தான்னா அட்டை சொல்ற மாதிரியே டபுள் பண்றதுதான் லாபம்.

அந்த அட்டைய குறை சொல்லலீங்க. 1956ல அமெரிக்க ராணுவத்துல இருந்த நாலு பேர் கையால தட்டற கால்குலேட்டர வச்சு கணக்கு போட்டு அமெரிக்க புள்ளியியல் சங்கத்தோட இதழ்ல வெளியிட்டாங்க, எவ்ளோ பொறுமை வேணும் அதுக்கு! ஆனா அவங்க தேடுனது கைக்கு சராசரியா எவ்ளோ பணம் நிக்கும்கறத மட்டும்தான். தொடர் ஜெயிப்புக்கு போனஸ்கறது அவங்க கணக்குலயே கெடையாது.

இன்னொன்னு, போனஸ் இருந்தா டேபிள் லாபம்னு எழுதிட்டீங்க. பொதுவா 100 கைல 42 ஜெயிப்பு, 49 தோல்வி, மீதி புஷ். புஷ்ஷ கணக்குல எடுக்கலன்னா தொடர்ந்து 7 ஜெயிக்கறது சுமார் 220ல ஒண்ணு. புஷ் அறுக்கும்னா 420ல ஒண்ணு, பாதியா போச்சு. 500 ரூபா பெட்டுக்கு இந்த போனஸோட மதிப்பு கைக்கு மொதல் கணக்குல 11 ரூபா, ரெண்டாவதுல 7 ரூபா. பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 (2 ரூபா பெட்டுக்கு 3 ரூபா) குடுக்கற டேபிள்ல காசினோ பங்கு கைக்கு ரெண்டரை ரூபாதான் வரும், ஆனா 6க்கு 5 (5 ரூபா பெட்டுக்கு 6 ரூபா) குடுத்தா அது கிட்டத்தட்ட ஒம்பதரை ரூபா. பையன் உக்காந்தது 6க்கு 5, புஷ் அறுக்கற டேபிள். ஆக கைக்கு ரெண்டரை ரூபா நஷ்டத்துலதான் ராத்திரி பூரா ஆடிருக்கான், அதும் போனஸ் இருக்குன்னு சந்தோசமா. இந்த ரெண்டு விதியும் போர்டுல சின்ன எழுத்துல இருந்துச்சாம், உங்க கட்டுரைல ஒரு வரி கூட இல்ல.

நம்ம மாநிலத்துல காசினோ கெடையாது, 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டப்படி பணம் கட்டி ஆடற ஆன்லைன் கேமும் தடை, அதனால போன்ல வர்ற தொடர் வெற்றி போனஸ் விளம்பரத்த தொடவே வேண்டாம். ஆனா கோவா போற பசங்க ஓசூர் பக்கம் நெறைய பேர் இருக்காங்க, உங்க கட்டுரைய வெட்டி பர்ஸ்ல வச்சிருக்கறவன நானே பாத்தேன். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க. அந்த ரெண்டு கைக்கான கணக்க நாலு பக்கம் எழுதி இதோட வச்சிருக்கேன், எங்கயாவது தப்பு இருந்தா எனக்கு எழுதுங்க, திருத்திக்கறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.