உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
பொறியாளர் சங்க உறுப்பினர்கள்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாநகராட்சி,
கோயம்புத்தூர்.

பொருள்: உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் – வடகிழக்குப் பருவமழைக்கு முன் கரை ஆய்வு செய்யவும், கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஸ்மார்ட் சிட்டி பணிகளுக்குப் பிறகு இவ்விரு குளங்களின் கரைகளும் நடைபாதை, மிதிவண்டித் தடம், விளக்குகள் என்று மக்கள் கூடும் இடமாகியுள்ளன. அதில் எங்களுக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் குளக்கரை ஒரு மண் அணை. அதன் மேல் என்ன கட்டினாலும், உள்ளே நீர் கசியவும் வடியவும் வழி இருக்க வேண்டும். இதையொட்டி எங்கள் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவு செய்த கோரிக்கைகளைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

முதலில் நீர்ப்பக்கச் சரிவு. பழைய முறையில் கருங்கல்லை 30 செ.மீ. கனத்துக்குக் சிமெண்ட் பூசாமல் வெறும் கல்லாகவே அடுக்கி, அடியில் 15 செ.மீ. கிராவல் பரப்புவார்கள். குளத்து நீர் இறங்கும்போது மண்ணுக்குள் தேங்கிய நீர் கல் இடுக்கு வழியாக வெளியே வந்துவிடும். மண் மட்டும் கிராவலில் நின்றுவிடும். இந்தக் கல் இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைத்தாலோ, கான்கிரீட் சுவர் எழுப்பினாலோ நீருக்குப் போக்கிடம் இல்லை. மதகைத் திறந்து மட்டத்தை வேகமாக இறக்கும் நாளில் அந்த நீர் பின்னாலிருந்து சுவரைத் தள்ளும். வீப் ஹோல் (சுவரில் நீர் வடிய விடும் துளை) வைத்தும் பின்புறம் வடிகட்டி போடாமல் விட்டால் நீரோடு மண்ணும் சேர்ந்து ஒழுகி, நடைபாதைக்கு அடியில் பொந்து விழும். மேலிருந்து பார்ப்பவருக்கு இதன் அறிகுறி ஒன்றுதான்: நீர்விளிம்புக்கு இணையாக, நேர்கோட்டில் பேவர் பிளாக் உள்வாங்கும். அப்படி உள்வாங்கிய இடத்தில் கல்லை எடுத்து, மணல் நிரப்பி, திரும்பப் பதிப்பது பழுதை மூடிவைக்கும் வேலையே. அங்கே தோண்டிப் பார்த்து, பொந்தைக் களிமண்ணால் 15 செ.மீ. அடுக்குகளாக இட்டு, கெட்டிப்படுத்தி நிரப்ப வேண்டும். சுவரில் 1.5 மீட்டருக்கு ஒன்றாக, பின்னால் ஜல்லி வடிகட்டியுடன் 75 மி.மீ. குழாய் வைக்க வேண்டும்.

விளக்குக் கேபிள் பள்ளங்களையும் கவனிக்க வேண்டும். கரையின் குறுக்கே வெட்டிய பள்ளத்தில் மணலைப் போட்டு மூடினால், குளத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு நாமே ஒரு குழாய் போட்டுக் கொடுத்ததாகிவிடும். கரை உடைப்புகள் பல இப்படி ஒரு விரற்கடைக் கசிவில்தான் தொடங்குகின்றன. எலி வளையும், பட்டுப்போன மரத்தின் வேரும் செய்வது இதைத்தான். குறுக்குப் பள்ளங்கள் அனைத்தையும் வரைபடத்தில் குறித்து, குளம் நிரம்பிய பின் வெளிப்பக்க அடிவாரத்தை வாரம் ஒருமுறை நடந்து பார்க்க ஆள் அமர்த்தக் கோருகிறோம். தெளிந்த நீர் கசிந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் கரை மண் கரைகிறது என்று பொருள். அன்றே மணல் மூட்டையும் கிராவலும் இட்டு அழுத்தம் கொடுக்க வேண்டும்.

கலிங்கின் (குளம் நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடும் அமைப்பு) மட்டத்தை எக்காரணம் கொண்டும் உயர்த்தக் கூடாது. 30 செ.மீ. உயர்த்தினால் கூடுதலாக நிற்கும் நீர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். வெள்ளத்துக்கென விட்ட இடைவெளியில் அதே 30 செ.மீ. போய்விடும். பெரியகுளத்து உபரி வாலாங்குளத்துக்குத்தான் வர வேண்டும் என்பதால், இடைப்பட்ட வாய்க்காலில் எந்தச் சிறுபாலமும் கலிங்கில் வழியும் நீரைக் கடத்த முடியாத அளவுக்குக் குறுகிய திறப்புடன் இருக்கலாகாது. மதகுகளின் திருகுத் தண்டுக்கு கிரீஸ் இட்டு, மழைக்கு முன் ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பார்க்கவும் வேண்டுகிறோம்.

அடுத்தது கழிவுநீர். மழைநீர் வடிகாலில் கோடையிலும் நீர் ஓடினால் அது சாக்கடைதான். வடிகால் குளத்தில் விழும் ஒவ்வொரு வாயிலும் முழங்கால் உயரத் தடுப்பு கட்டி, அங்கிருந்து பாதாள சாக்கடைக்குக் குழாய் போட்டால் வறண்ட நாள் ஓட்டம் முழுவதும் உக்கடத்தில் உள்ள நாளொன்றுக்கு 7 கோடி லிட்டர் திறனுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். பெருமழையில் மட்டும் தடுப்பைத் தாண்டி, பெரும்பாலும் மழைநீராகவே குளத்துக்கு வரும். தடுப்புக்கு முன் கம்பி வலையும் வண்டல் குழியும் தேவை. குழிக்குள் பொக்லைன் இறங்கச் சாய்தளம் இல்லையென்றால் அந்தக் குழியை யாரும் தூர்வாரப் போவதில்லை. ஒரே மழையில் நிரம்பிப் பயனற்றுப் போகும்.

இந்தக் கழிவுநீர் வரத்தை நிறுத்தாமல் ஆகாயத்தாமரையை அள்ளுவது ஆண்டுதோறும் ஒப்பந்தம் விடுவதற்கே உதவும். அள்ளியதைக் கரையில் குவித்தால் அழுகிய சாறு திரும்பக் குளத்துக்கே இறங்கும்; அன்றன்றே அப்புறப்படுத்த நிபந்தனை விதிக்க வேண்டும். நீர்ப் பரிசோதனை மாதிரியை விடியற்காலை 6 மணிக்கு முன் எடுக்க வேண்டும். பாசி மிகுந்த குளத்தில் நண்பகலில் கரைந்த ஆக்சிஜன் நன்றாகவே காட்டும். மீன் சாவது விடியலில். லிட்டருக்கு 4 மி.கி.க்குக் கீழே போனால் உடனடி நடவடிக்கை தேவை.

தூர்வாரும்போது கரையடியிலிருந்து 10 மீட்டருக்குள் பொக்லைன் இறங்கக் கூடாது. அடிவாரத்தைத் தோண்டினால் மேலே உள்ள சரிவு பிடிமானம் இழந்து வழுக்கும். 2007-ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி எல்லையை அளந்து கல் நடும் பணியை வருவாய்த் துறையுடன் சேர்ந்து முடித்துத் தரவும் வேண்டுகிறோம்.

ஆகவே, செப்டம்பர் மாதத்துக்குள் கூட்டுக் கள ஆய்வுக்கு ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மட்டம் பார்க்கும் கருவியுடன் எங்கள் உறுப்பினர்கள் கட்டணமின்றி வந்து உதவுவார்கள். கரைக் குறுக்குவெட்டு, வடிகால் தடுப்பு ஆகியவற்றின் மாதிரி வரைபடங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க உறுப்பினர்கள்

இடம்: கோயம்புத்தூர்
இணைப்பு: வரைபடங்கள் – 2
நகல்: செயற்பொறியாளர், நீர்வளத் துறை, கோயம்புத்தூர்.