லிப்ரே ஆபீஸ், இங்க்ஸ்கேப்புக்குப் பணம் கட்டும் முன்

தருமபுரி, பென்னாகரம், அரூர் டிடிபி கடை நண்பர்களுக்கு வணக்கம். ஆவணம் அடிக்கும் லிப்ரே ஆபீஸ், படம் வரையும் இங்க்ஸ்கேப் இரண்டு மென்பொருளும் இலவசம்தான், கட்டாயம் எதுவும் இல்லை. தினமும் இவற்றில் பத்திரமும் பத்திரிகையும் அடித்துச் சம்பாதிக்கிறோம், விருப்பப்பட்டவர்கள் நன்கொடை கொடுக்கலாம்.

லிப்ரே ஆபீஸ் பணம் பெர்லினில் உள்ள டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்குப் போகும். ஜிபே, போன்பே அங்கே எடுபடாது. கார்டில் கட்டும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் வரும். 2020 அக்டோபர் ரிசர்வ் வங்கி விதிப்படி புது கார்டு உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வரும். வங்கி ஆப்பில் கார்டு பகுதிக்குப் போய் 'இன்டர்நேஷனல் ஆன்லைன்' என்பதை ஆன் செய்து, லிமிட்டை 1,000 ரூபாய்க்கு வையுங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே பணம் எடுத்துவிடும், அதனால்தான் இந்த லிமிட். கட்டியதும் ஆஃப்.

மாதாமாதம் என்பதைத் தொடாதீர்கள். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கான ஆட்டோ டெபிட் விதியால் அடுத்த மாதமே நின்றுபோக வாய்ப்பு அதிகம். ஒரே தடவையாகக் கட்டுங்கள். 5 யூரோ என்றால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அழுத்த வேண்டாம், முதலில் எஸ்எம்எஸ் பாருங்கள். இதற்கு நன்கொடைக்கான 80ஜி வருமான வரிவிலக்கு கிடையாது, ஆடிட்டரிடம் ரசீதை நீட்டாதீர்கள்.

கூகுளில் முதலில் வரும் விளம்பரத்தைத் தட்டாமல் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.