சேத்ரியின் கோல் கணக்கை எப்படிப் படிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியக் கால்பந்து வீரர் சுனில் சேத்ரியைப் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும், ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி ஆகியோருக்கு அடுத்தபடியாகச் சர்வதேச ஆடவர் கால்பந்தில் அதிகக் கோல் அடித்தவர்கள் வரிசையில் 4-ஆவது இடத்துக்கு வந்தவர் என்ற வரி விளையாட்டுப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. மாலத்தீவுக்கும் நேபாளத்துக்கும் எதிராக அடித்த கோல்களை வைத்து இப்படி ஒப்பிடலாமா என்ற மறுப்பும் கூடவே கிளம்பிவிடுகிறது. இந்தப் புகழ்ச்சி, மறுப்பு இரண்டுமே நாம் பார்க்க வேண்டிய பக்கத்தைப் பார்க்கவிடாமல் செய்கின்றன என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் மறுப்பை எடுத்துக்கொள்வோம். எளிய எதிரணிகளுக்கு எதிராக அவர் அடித்த கோல்கள் நிறைய உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், எதிரணியை வீரர் தேர்ந்தெடுப்பதில்லை. 2005 ஜூன் 12 அன்று குவெட்டாவில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தம் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தவர், 2008-இல் தில்லி அம்பேத்கர் மைதானத்தில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். அந்தக் கோப்பையை வென்றதால்தான், 1984-க்குப் பிறகு முதன்முறையாக 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவால் ஆட முடிந்தது. அங்கே பஹ்ரைனுக்கும் தென் கொரியாவுக்கும் எதிராக அணி படுதோல்வி கண்டபோதும் இரண்டு ஆட்டங்களிலும் அவர் பெயருக்குத் தலா ஒரு கோல் இருந்தது. 2019 ஜனவரியில் அபுதாபியில் தாய்லாந்தை 4-1 என்று வென்றது, ஆசியக் கோப்பையில் 1964-க்குப் பிறகு இந்தியா பெற்ற முதல் வெற்றி. நான்கில் இரண்டு கோல்கள் அவருடையவை. இவற்றையெல்லாம் மாலத்தீவுக் கணக்கில் சேர்த்துவிட முடியாது.

ஆனாலும், புகழ்ந்து முடித்துவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் தம் 150-ஆவது ஆட்டத்தில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக பெனால்டியில் கோல் அடித்தார். இந்தியா 1-2 என்று தோற்றது. ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் குவைத்துடன் கோலின்றி முடிந்த ஆட்டத்தோடு, 94 கோல்களுடன் விடைபெற்றார். அந்த ஆண்டு முழுவதும் இந்திய ஆடவர் அணி ஓர் ஆட்டத்தில்கூட வெல்லவில்லை. முடிவில், 40 வயதானவரை 2025 மார்ச்சில் திரும்ப அழைத்தார்கள். பிரிவுபசார விழா நடத்தி அனுப்பிய ஊழியரை, கோப்புகளைப் பார்க்க வேறு ஆளில்லை என்று மீண்டும் அலுவலகத்துக்கு வரச் சொன்னதைப் போன்றதுதான் இது. அவரும் வந்தார், ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி 95-ஆவது கோலை அடித்தார், 16 மாதங்களுக்குப் பிறகு அணி வென்றது. ஆனால், அவர் திரும்பி வந்தும் 2027 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெறவில்லை.

ஆக, இந்த 95 என்ற எண், ஒருவருடைய திறமையின் அளவு மட்டுமல்ல, இருபது ஆண்டுகளாக அவருக்கு அருகில் இன்னொருவர் வளரவில்லை என்பதன் அளவும்கூட. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாட்டின் முதன்மைக் கிளப் போட்டியான இந்தியன் சூப்பர் லீக்கில் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை 2021-22 பருவத்திலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. எண்ணிக்கையைக் குறைத்தார்களே தவிர, அந்த நால்வர் எந்த இடத்தில் ஆடுவது என்பது கிளப்புகளின் விருப்பம். அவை முதலில் நிரப்புவது நடு முன்களத்தைத்தான், அதாவது கோல் அடிப்பதை முதன்மைப் பொறுப்பாகக் கொண்ட ஸ்ட்ரைக்கரின் இடத்தைத்தான். சேத்ரியே இதற்கு விலக்கல்ல. பெங்களூரு அணியில் வெனிசுவேலாவின் மிக்கு நடுவில் ஆடிய காலத்தில், தேசிய அணியின் முதன்மை ஸ்ட்ரைக்கரான அவர் பெரும்பாலும் இடது ஓரத்தில்தான் ஆடினார். ஓரத்தில் நின்றும் கோல் அடிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திறமை வாய்க்காத ஓர் இளைஞர், கிளப்பில் ஆண்டு முழுவதும் மாற்று வீரராக உட்கார்ந்துவிட்டு, தேசிய அணிக்கு வந்ததும் திடீரென்று கோல் அடிப்பார் என எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிளப்புகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தோற்றால் பயிற்சியாளரின் வேலை போய்விடும் என்ற நிலையில், அவர் அனுபவம் உள்ளவரைத்தான் இறக்குவார்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்திய மகளிர் அணிக்காக 50-க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்த மணிப்பூரின் பாலா தேவி, ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் தொழில்முறை வீராங்கனையாக ஆடியவர். சேத்ரிக்கு எழுதும் பத்திகளில் பத்தில் ஒன்றாவது அவருக்கும் எழுதப்பட்டிருக்கலாம்.

தங்கள் நாளிதழிடம் என் வேண்டுகோள் சிறியது. லீக் ஆட்டங்களின் முடிவுகளை வெளியிடும்போது, ஒவ்வொரு அணியிலும் நடு முன்களத்தில் ஆடியவர் யார், அவர் இந்தியர் என்றால் எத்தனை நிமிடங்கள் ஆடினார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். ஒரு பருவம் முழுவதும் அந்த வரியைத் தொடர்ந்து படித்தால், 4-ஆவது இடத்தைப் பற்றிய விவாதத்தை விட்டு, அடுத்த ஸ்ட்ரைக்கர் எங்கே என்று வாசகர்களே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சென்னை.