அம்மிணிக்கு, உன் ராஜாவைப் பற்றி

அம்மிணி,

நீ கேட்டது போனில் சொல்லி முடிகிற கதையா? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் ஆபீசில் செய்கிற கேமுக்கு ஒரு வீர ராஜா வேண்டும், அவன் பிறந்தது, சண்டை போட்டது, செத்த பிறகு ஜனங்கள் அவனைப் பற்றி என்ன பேசுகிறார்கள் எல்லாம் நீதான் எழுதித் தர வேண்டும் என்றாய். அனுப்பிய படத்தையும் பார்த்தேன். பனி மலை, கருப்புக் குதிரை, ஆளுயரத்துக்கு ஒரு வாள். வரைந்தது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அவனுக்கு அப்பன் ஆத்தா யார், கூடப் பிறந்தது யார், அவன் நாட்டில் என்ன விளைகிறது, ஒன்றும் தெரியவில்லை.

நம்ம பக்கத்து வீரன் என்றதும் நீ தீரன் சின்னமலையைச் சொன்னாய். அவர் வேறு. அவருக்கு வருஷம் இருக்கிறது, ஊர் இருக்கிறது, 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் வெள்ளைக்காரன் தூக்கில் போட்டான் என்று புத்தகத்தில் இருக்கிறது. உனக்கு வேண்டியது வருஷம் இல்லாத ராஜா. அதற்கு நம் கொங்கு நாட்டில் உடுக்கை அடித்துப் பாடுகிற அண்ணமார் சாமி கதையை, அந்த அண்ணன் தம்பி கதையை விட்டால் வேறு எங்கே போவாய்?

பொன்னர், சங்கர் பேரெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் கதை அவர்களிடம் தொடங்குவதில்லை. அப்பா குன்னுடையான், சூதுவாது தெரியாத மனுஷன். அம்மா தாமரை நாச்சியார், வீட்டையும் நாட்டையும் தாங்கினவள் அவள்தான் (நம் வீட்டைப் பார்த்து நீ சிரிக்காதே). பிள்ளை இல்லாமல் தவம் கிடந்து வரம் வாங்குகிறாள், இரட்டையாக இரண்டு பையன்கள், கூடவே அருக்காணித் தங்காள். வரத்திலேயே கணக்கு முடித்துவிட்டார் சிவன், பையன்களுக்கு ஆயுசு 16 வயதுதான். அதைத் தெரிந்து கொண்டேதான் பெற்று, பங்காளிகள் கொன்றுவிடுவார்கள் என்று ஒளித்து வைத்து வளர்க்கிறார்கள். பொன்னர் பொறுமைசாலி, சங்கர் முன்கோபி. நிலத்தையும் பயிரையும் பார்க்க ஒருத்தன், கத்தி எடுக்க ஒருத்தன். உங்கள் ராஜா ஒற்றை ஆளாக எல்லாம் செய்வதைவிட இது எனக்கு நம்புகிற மாதிரி இருக்கிறது. கூட அவர்கள் ஆள் சாம்புவன் வேறு. சண்டையில் அண்ணமாருக்குத் துணை அவன்தான், கோயிலிலும் பக்கத்திலேயே நிற்கிறான்.

உங்களுக்கு டிராகன், நமக்குக் கொம்பன். காட்டுப் பன்றிதான், ஆனால் அண்ணமார் ஆண்ட வளநாட்டு வயலையெல்லாம் உழுது நாசம் பண்ணுகிற பன்றி. டிராகன் வந்து நெருப்பு கக்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது, பன்றி வந்து விளைந்ததைக் கிளறினால் வயிறு பற்றி எரியும், இங்கே யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். அந்தப் பன்றியை மடக்க முதலில் பல்லை வைத்தது யார் தெரியுமா, பொன்னாச்சி என்கிற சின்னப் பொட்டை நாய். மற்ற நாய்களையெல்லாம் கூட்டிக் கொண்டு தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அதற்குக் கோபம் வேறு! அப்புறம் சமாதானம் பண்ணிக் கூட்டிப் போனால், கொம்பனைக் கடிக்கக் கூடாத இடத்தில் போய்க் கடிக்கிறது. உடுக்கைக்காரர் அந்த இடம் வந்ததும் உடுக்கையின் நடுக்கயிற்றை இறுக்கிப் பிடித்துச் சத்தத்தை ஏற்றுவார், பின்பாட்டுக்காரர் ஆமா ஆமா என்பார், தூங்கி விழுந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள்.

எதிரி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். தலையூர்க் காளி என்கிற வேட்டுவ ராஜா நம் பாட்டில் பகைவன். ஆனால் அவனையே பெரிய வீரனாகக் கொண்டாடுகிறவர்களும் இதே கொங்கு நாட்டில்தான் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லிக் கேட்டால் நியாயம் வேறு பக்கம் சாயும். உன் கதையில் எதிரிக்கும் நாலு பேரை அழ வை.

சாவு எப்படி என்று கேட்டாயே. சங்கரை எந்த எதிரியும் கொல்லவில்லை. மாயவர், அதுதான் பெருமாள், விட்ட அம்பு மேலே பட்டதும் தன் காலம் முடிந்தது என்று தெரிந்து கொண்டு தன் வாளிலேயே விழுகிறான். தம்பி போன பிறகு பொன்னரும் அப்படியே.

நீ எழுதியதில் ராஜா செத்ததும் கதை முடிந்துவிடுகிறது. இங்கே அதற்கு அப்புறம்தான் பெரிய பகுதியே. தங்காள் கனவில் கண்டு, அழுது கொண்டே அண்ணன்களைத் தேடிக் காட்டுக்குப் போகிறாள். போகும் முன் அரண்மனைக்குத் தீ வைத்து அண்ணிமாரையும் எரித்துவிடுகிறாள் என்று பாடுகிறவர்கள் உண்டு, எனக்கு அந்த இடம் இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் அவள் வெறும் அழுமூஞ்சி இல்லை என்று தெரிகிறது. தவத்தில் இருக்கும் பெரியகாண்டி அம்மன் துணையோடு உடல்களைக் கண்டுபிடித்து எழுப்புகிறாள். எழுந்து பேசுகிறார்கள், எங்கள் காலம் முடிந்தது என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்விடுகிறார்கள். சாகாமல் வைத்துக் கொள்ள அல்ல, ஒரு வார்த்தை பேசத்தான் அவ்வளவு தூரம் நடந்தாள்.

அண்ணமார் சாவைக் கோயிலில் நடத்திக் காட்டுகிற படுகளம் நீ சரியாகப் பார்த்ததில்லை. பாட்டு சங்கர் விழுகிற இடத்துக்கு வந்ததும் அருள் வந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் கட்டை மாதிரி சாய்வார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டி போர்த்துவார்கள். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பது நடிப்பு என்றா நினைக்கிறாய்? காலையில் டிராக்டர் ஓட்டிக் கொண்டிருந்த ஆள் அசையாமல் கிடப்பான், அவன் பையன் போர்வை நுனியைப் பிடித்துக் கொண்டு நிஜமாகவே அழுவான். அப்புறம் தீர்த்தம் தெளித்து எழுப்பும்வரை ஒருத்தரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்கிற ஆராய்ச்சிக்கார அம்மா 1960-களில் நம் காங்கேயம் பக்கம் தங்கி இந்தக் கதை முழுவதையும் டேப்பில் பிடித்துக் கொண்டு போனார், பிறகு அதைக் கார்ட்டூன் தொடராகவும் செய்தார். தேடிப் பார், கிடைக்கும்.

ஆகையால் உன் ராஜாவுக்கு முதலில் ஒரு தங்கச்சியை எழுது. அவன் செத்த பிறகு அவள் என்ன செய்வாள் என்று யோசித்தாலே அவன் எப்படிப்பட்டவன் என்பது தன்னால் வந்துவிடும்.

மாசியில் வீரப்பூரில் பெரியகாண்டியம்மன் திருவிழா, மணப்பாறைப் பக்கம். சாமி குதிரையில் புறப்படுகிற வேடபரி அன்றைக்குக் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. லீவு போட முடியுமா என்று இப்போதே கேட்டு வை, உங்கப்பா வேன் சொல்ல வேண்டும்.

அம்மா