கீரைப் பாத்தியில் சிமென்ட் கல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென்சென்னைப் புறநகரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பூங்கா இடத்தைப் பற்றி எழுதுகிறேன். மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த நிலம்தான் இதுவும். காகிதத்தில் பூங்கா. நேரில் பார்த்தால், வீடு இடிக்கிறவர்கள் இரவோடு இரவாக லோடு கொட்டிவிட்டுப் போகும் இடம். சீமைக்கருவேலம் மண்டி, அதன் மறைவில் பாட்டில்கள் சேர்ந்து, பல வருடம் அப்படியே கிடந்தது.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த பிறகு தெருக்காரர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்தோம். பெரிய வேலை முள் வெட்டுவது அல்ல, மண்தான். சிமென்ட்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த மண்ணில் எது முளைத்தாலும் இலை மஞ்சளாகிவிடும். சல்லடை போட்டுச் சலித்து, பக்கத்துப் பால்காரரிடம் சாணி எரு வாங்கிப் போட்டு, முதலில் மண்ணுக்குத் தழையுரமாகும் சணப்பை விதைத்து, பூக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி மண்ணோடு கொத்திவிட்டோம். அதற்கப்புறம்தான் கீரை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேலி ஓரம் அகத்தி, கறிவேப்பிலை, நாலைந்து வாழை.

சண்டையும் உண்டு. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தபோது மரத்தையே வெட்டச் சொன்னவர்கள், காய் இறங்கியதும் முதல் ஆளாகப் பை எடுத்து வந்தார்கள். தண்ணீர் ஊற்றாதவர்கள் பறிக்கலாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் சொன்னதுதான் தீர்ப்பு: கீரை யாரும் பறிக்கலாம், வேரோடு பிடுங்கக் கூடாது.

இப்போது அந்த இடத்துக்குப் பூங்கா மேம்பாட்டுத் திட்டம் வந்திருக்கிறது. அளக்க வந்தவர்கள் வரைபடத்தைக் காட்டினார்கள். சுற்றிலும் சிமென்ட் கல் பதித்த நடைபாதை, நடுவில் கொரியன் புல், மூலையில் உடற்பயிற்சிக் கருவிகள். பாத்தி எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எடுத்துடுவோம்மா, நீட்டா இருக்கும்" என்றார் ஒருவர்.

நிலம் எங்களுடையது அல்ல என்று தெரியும். நடைபாதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கே முழங்கால் வலி, நடக்க இடம் வேண்டும். மண்ணை இறுக்கிய பாதை போதும், கல் எதற்கு? 2015 டிசம்பர் மழையில் இந்தப் பகுதி பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? கொத்திவிட்ட மண் கொஞ்சமாவது தண்ணீர் குடிக்கும். கல் தெருவுக்குத்தான் தள்ளிவிடும். கோடையில் குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் ஊரில் புல்லுக்குத் தினமும் யார் தண்ணீர் ஊற்றுவது? கீரைக்காவது வாளியும் கையுமாக ஆள் வருகிறார்கள்.

அதே பணத்தில் ஒரு கைப்பம்பு, ஆடு மாடு நுழையாத கம்பி வேலி, மழைநீர் இறங்க ஒரு குழி, இரண்டு விளக்குகள் அமைக்கலாம். பாதி இடத்தைத் தோட்டமாகவே விட்டு, பராமரிக்கும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கட்டும். வேலை தொடங்கும் முன் அந்த வரைபடத்தைத் தெருவில் ஒட்டி, எங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்று சம்பந்தப்பட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்குவதா வேண்டாமா என்பதையாவது அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
சென்னை புறநகர்.